பெண்டுலத்துக்குக் காவல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. நீளமான மரப்பெட்டி, முகப்பில் ரோமன் எண்கள், அதற்குக் கீழே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தேய்த்து வைத்த பித்தளைத் தட்டைப் போல் ஒரு பெண்டுலம். அதை வாங்கியவர் என் தாத்தா. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் குளித்துவிட்டு, முக்காலியின்மேல் ஏறி நின்று, அதற்குச் சாவி கொடுப்பார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. வீட்டில் எத்தனையோ நல்லதும் கெட்டதும் நடந்திருக்கின்றன. அந்தக் கடிகாரம் மாத்திரம் ஒரு நாளும் நின்றதில்லை.

தாத்தா காலமான மறு வருஷம் நாங்கள் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குக் குடிபோனோம். இரண்டு மைல் தூரம் இருக்கும். சாமான்களெல்லாம் போன பிறகு கடிகாரத்தின் முறை வந்தது. "அப்பா ஓடவிட்டுப் போன கடிகாரம். அது நிற்கக் கூடாது" என்றார் என் தகப்பனார். ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை ஆணியிலிருந்து அப்படியே இறக்கினார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறிற்று. பெட்டிக்குள் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. அதையடுத்து 'டிக் டிக்' என்ற சத்தம் பைத்தியம் பிடித்தாற்போல் விரைந்து வந்தது. சற்றைக்கெல்லாம் அதுவும் அடங்கிவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கடிகாரம் பழுது பார்க்கும் பாயிடம் போனோம். அவர் கதவைத் திறந்து, ஒற்றைக் கண்ணில் பூதக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு பார்த்தார்.

"பெண்டுலத்தைக் கழற்றாமலா கொண்டுபோனீங்க, ஐயா?"

"நிறுத்தக் கூடாதுன்னு நினைச்சோம், பாய்."

"நிறுத்தியிருந்தா ஓடியிருக்குமே, ஐயா!" என்றார் அவர்.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் அப்பாவின் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் பெண்டுலக் கடிகாரங்களின் சரித்திரத்தை நான் தேடிப் படித்ததற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம். படித்துப் பார்த்தால், உலகத்தின் பெரிய பெரிய கடிகாரங்களெல்லாம் பாயின் கட்சியைத்தான் ஆதரிக்கின்றன!

முதலில் உடைந்தது எது என்று சொல்லிவிடுகிறேன். பார்வைக்குக் கனமாகவும் கம்பீரமாகவும் இருப்பது பெண்டுலத்தின் குண்டு. ஆனால் அந்தக் கனம் முழுவதும் எதில் தொங்குகிறது தெரியுமா? காகிதம் போன்ற ஒரு மெல்லிய எஃகுத் தகட்டில். அகலம் ஒரு விரல்கூட இராது. அது இப்படியும் அப்படியும் சிறிது வளைந்து கொடுப்பதால்தான் பெண்டுலம் உராய்வில்லாமல் ஆடுகிறது. நேராகத் தொங்கும் பாரத்தை அது பல வருஷங்கள் தாங்கும். ஒரு முறை முறுக்கினாலோ, பக்கவாட்டில் உலுக்கினாலோ மடிந்துவிடும், அல்லது அறுந்துவிடும். அது அறுந்ததும், பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுகிற கொக்கிக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது. சாவி கொடுத்த வில்லின் முழுப் பலமும் சக்கரங்களின்மேல் பாய்கிறது. வண்டியில் நாங்கள் கேட்ட பைத்தியச் சத்தம் அதுதான். பற்களின் முனை மழுங்குவதும், கொக்கி வளைவதும், குண்டு மோதிக் கண்ணாடி உடைவதும் இப்படித்தான் நேருகின்றன. ஓடி ஓடித் தேய்வது ஒரு கடிகாரத்துக்கு இயற்கையான முதுமை. ஓடும்போது தூக்கிச் செல்வதோ விபத்து.

பெண்டுலம் கடிகாரத்துக்குள் குடிபுகுந்த கதை ஹாலந்து தேசத்தில் தொடங்குகிறது. ஊசல் சிறிதளவு ஆடும்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரந்தான் ஆகிறது என்பதை முன்பே கவனித்தவர் இத்தாலியரான கலீலியோ. கண்பார்வை போன பிறகு, 1641-ஆம் ஆண்டில், ஊசலால் ஓடும் கடிகாரம் ஒன்றின் அமைப்பைத் தம் மகனிடம் விவரித்தாராம். அது நிறைவேறு முன்பே, 1642-இல் அவர் காலமானார். அந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி. 1656-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தன்று அவருடைய முதல் பெண்டுலக் கடிகாரம் உருவாயிற்று. மறு ஆண்டு ஹேக் நகரத்தில் ஸலோமன் கோஸ்டர் என்ற கடிகாரத் தொழிலாளி அதைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். அதுவரை நாளொன்றுக்குக் கால் மணி நேரம் தவறாகக் காட்டுவது கடிகாரங்களுக்குச் சர்வ சாதாரணம். பெண்டுலம் வந்ததும் அந்தப் பிழை கால் நிமிஷமாகக் குறைந்தது. கால் மணி எங்கே, கால் நிமிஷம் எங்கே!

இதில் நான் வியப்பது ஹைகன்ஸ் செய்த ஒரு காரியத்தை. பெண்டுலத்தை அவர் சக்கரங்களோடு நேராகப் பிணைக்கவில்லை. அதைத் தனியாகப் பட்டு நூலில் தொங்கவிட்டார். சக்கரங்களிலிருந்து கவட்டைபோல் ஒரு சிறு கம்பி வந்து, பெண்டுலத்தின் தண்டை இருபுறமும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். கனம் நூலுக்கு, கணக்கு மாத்திரம் சக்கரத்துக்கு. ஊசலின் பாரம் நுட்பமான யந்திரத்தின்மேல் விழாமல் முதல் நாளே செய்யப்பட்ட காவல் இது. 1670-ஐ ஒட்டி இங்கிலாந்தில் நீண்ட பெண்டுலங்கள் வந்தபோது பட்டு நூலின் இடத்தில் எஃகுத் தகடு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் அறுந்தது அந்தத் தகட்டின் வம்சந்தான்.

கடிகாரம் சரியாக ஓடத் தொடங்கியதும் அதைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை பிறந்தது. நடுக்கடலில் கப்பல் எத்தனை தூரம் கிழக்கே வந்திருக்கிறது, எத்தனை தூரம் மேற்கே போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், புறப்பட்ட ஊரில் இப்போது என்ன மணி என்று தெரிய வேண்டும். ஹைகன்ஸ் இதற்காகவே கடல் கடிகாரங்கள் செய்தார். ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடட்டும் என்று இரண்டிரண்டாகத் தயாரித்தார்.

1665-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஹைகன்ஸ் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். எதிரே ஒரே கட்டையில் இரண்டு கடிகாரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு வேலையில்லாத நோயாளி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்டுலம் இடப்பக்கம் போகும்போது மற்றொன்று வலப்பக்கம் போயிற்று, அணுவளவும் பிசகவில்லை. வேண்டுமென்றே ஒன்றின் ஆட்டத்தைக் கலைத்துப் பார்த்தார். அரைமணி நேரத்துக்குள் இரண்டும் பழையபடி எதிரும் புதிருமாக ஆடத் தொடங்கின. காற்றின் வேலையோ என்று முதலில் எண்ணினார். பிறகுதான் உண்மை புலப்பட்டது. ஒவ்வொரு பெண்டுலமும் ஆடும்போது தொங்கும் கட்டையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைக்கிறது; அந்த அசைவு அடுத்த கடிகாரத்துக்குப் போய்ச் சேருகிறது!

பார்வைக்கு இது வேடிக்கை. யோசித்துப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. பக்கத்துக் கடிகாரத்தின் ஆட்டமே கட்டை வழியாகப் பெண்டுலத்தை எட்டிவிடுகிறது என்றால், அலைகடலில் உருண்டு புரளும் கப்பலில் அதன் கதி என்ன? அஞ்சியது போலவே ஆயிற்று. எத்தனை விதமாகத் தொங்கவிட்டுப் பார்த்தும் கடலில் பெண்டுலம் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. கடைசியில் அந்தப் புதிரை விடுவித்தவர் ஜான் ஹாரிஸன் என்ற ஆங்கிலேயர். 1759-இல் அவர் முடித்த புகழ்பெற்ற கடல் கடிகாரம் பெரியதொரு பைக் கடிகாரம் போல இருந்தது. அதில் பெண்டுலமே கிடையாது.

தரையிலாவது நிம்மதி உண்டா என்றால், அதுவும் எளிதாகக் கிடைக்கவில்லை. 1672-ஆம் ஆண்டு ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கயேன் என்ற ஊருக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய அவருடைய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கிற்று. பெண்டுலத்தை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைத்த பிறகே அது வழிக்கு வந்தது. கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை. பூமியின் இழுப்புத்தான் அங்கே குறைவு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நடுவில் பருத்து, துருவங்களில் தட்டையாக இருக்கிறது என்று 1687-இல் நியூட்டன் எழுதியபோது ரிஷேயின் சோம்பேறிக் கடிகாரமும் அவருக்குச் சாட்சி சொல்லிற்று.

உஷ்ணம் மற்றொரு பகை. வெயில் ஏறினால் பெண்டுலத்தின் எஃகுத் தண்டு நீளும். நீண்டால் ஆட்டம் மெதுவாகும். ஒரு டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் கூடினால் நாளைக்குச் சுமார் அரை விநாடி நஷ்டம். லண்டன் கடிகாரத் தொழிலாளி ஜார்ஜ் கிரஹாம் 1721-ஐ ஒட்டிக் குண்டுக்குப் பதிலாகப் பாதரசம் நிரம்பிய ஜாடியைத் தொங்கவிட்டார். தண்டு கீழே நீளும்போது பாதரசம் ஜாடிக்குள் மேலே ஏறும். இறங்கியதும் ஏறியதும் சரிக்குச் சரியாகிவிடும். மேலே சொன்ன ஹாரிஸன் எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாறி மாறி ஜன்னல் கம்பிபோல் அடுக்கி, ஒன்று நீளுவதை மற்றொன்று ஈடு செய்யும்படி அமைத்தார்.

இப்படிப்பட்ட கம்பிப் பெண்டுலத்தோடு உலகத்தின் மறுகோடிக்குப் போன ஒரு கடிகாரத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதைச் செய்தவர் ஜான் ஷெல்டன். 1769-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடந்து போவதைப் பல இடங்களிலிருந்து பார்த்துக் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதற்காகக் காப்டன் குக் பஸிபிக் சமுத்திரத்தில் தாஹிதித் தீவுக்குப் போனார். அவருடன் சார்லஸ் கிரீன் என்ற வானசாஸ்திரியும் சென்றார். சுக்கிரன் எந்த விநாடியில் சூரிய விளிம்பைத் தொடுகிறது என்பதுதான் விஷயம். விநாடி தவறினால் பிரயாணமே வீண்.

கடிகாரத்தை அவர்கள் கப்பலில் ஓடவிட்டுக் கொண்டுபோகவில்லை. தாஹிதியில் இறங்கிய பிறகே அதை நிறுத்திவைத்து ஓட்டினார்கள். எப்படி நிறுத்தினார்கள் என்பதைக் குக்கின் அறிக்கையில் படித்தபோது என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன். ஒரு பெரிய கூடாரம். அதன் ஒரு கோடியின் நடுவில், இதற்கென்றே கிரீனிச்சில் செய்து கொண்டுவந்த மரச்சட்டம் ஒன்றைத் தரைக்குள் ஆழமாக நட்டார்கள். பெட்டியின் கதவைத் திறக்க இடம் இருக்க வேண்டுமே; அந்த அளவுக்கு விட்டு, மற்றதை மண்ணுக்குள் இறக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் கடிகாரம் நின்றது. அதோடு விடவில்லை. யாராவது தெரியாமல் இடித்துவிடக் கூடாதே என்று, ஓரடி தள்ளிச் சுற்றிலும் இரண்டாவதாக ஒரு மரவேலி போட்டார்கள். பெண்டுலத்தின் நீளத்தைக் கிரீனிச்சில் இருந்த அதே அளவுக்கு வைத்தார்கள்.

அந்தக் கோட்டைக்குள் திருட்டும் நடந்தது. காவல் இருந்தும், பெட்டியிலிருந்த கோணமானியை மே மாதம் 2-ஆம் தேதி காலையில் காணவில்லை. அது இல்லாமல் கடிகாரம் காட்டுவது சரியா என்று சூரியனைக் கொண்டு சோதிக்க வழியில்லை. கிரீனும், உடன் வந்திருந்த ஜோஸப் பாங்க்ஸும் தீவுக்குள் வெயிலில் அலைந்து அதை மீட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குள் அது சிறிது சேதமடைந்திருந்தது. முன்பு லண்டனில் கடிகார வேலை பார்த்திருந்த ஸ்போரிங் என்பவர் நல்ல வேளையாகக் கப்பலில் இருந்தார். அவர் அதைச் சரி செய்தார். குறித்த நாளில் வானம் நிர்மலமாக இருந்தது. சுக்கிரனின் விளிம்பு மங்கலாகத் தெரிந்ததால் குக் குறித்த நேரத்துக்கும் கிரீன் குறித்த நேரத்துக்கும் சில விநாடிகள் வித்தியாசப்பட்டன. மனிதனுடைய கண் தடுமாறிற்று. இரண்டு வேலிகளுக்கு உள்ளே நின்ற கடிகாரம் தடுமாறவில்லை.

உலகத்தைப் பாதி சுற்றிவந்த கடிகாரத்துக்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டு மைல் வந்த எங்கள் கடிகாரம் உடைந்தது. வித்தியாசம் அன்பில் இல்லை. என் தகப்பனார் வைத்திருந்த அன்பு குக்கிடம் இருந்திருக்க நியாயமில்லை. அவர்களுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஷெல்டனின் கைவேலை ஒன்று நம் நாட்டுக்கும் வந்தது. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. கருவி அசையாமல் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு பெரிய கருங்கல் தூணை நாட்டினார்கள். அந்தத் தூணில் தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது. நிலையத்தில் ஷெல்டன் செய்த கடிகாரம் ஒன்று இருந்தது. 1899-இல் வானாராய்ச்சிப் பணி கொடைக்கானல் மலைக்கு மாறியது. அந்தக் கடிகாரமும் பின்னர் மலையேறிற்று. தூண் சென்னையிலேயே நின்றுவிட்டது. கடிகாரம் கடலும் மலையும் கடந்து பிழைத்திருக்கிறது என்றால், ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிப் பிரித்து, மறுபடி பொறுமையாகப் பூட்டியவர்களின் கைகள்தாம் காரணம். அவர்கள் பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

ஒரே இடத்தில் நிற்கும் கடிகாரத்துக்கும் காவல் வேண்டியிருக்கிறது. லண்டன் பார்லிமென்ட் கோபுரத்துக் கடிகாரத்தின் முட்கள் திறந்த வெளியில் காற்றிலும் பனியிலும் சுழல்கின்றன. காற்று முள்ளைத் தள்ளினால் அந்த வேகம் சக்கரங்கள் வழியாகப் பெண்டுலத்தை எட்டும். அதைத் தடுக்க ஒரு யுக்தி கண்டார் டெனிஸன் என்ற வழக்கறிஞர். சக்கரம் பெண்டுலத்தைத் தானே தள்ளுவதில்லை. இரண்டு சிறு கைகளைத் தூக்கிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் கைகள் தம் சொந்தக் கனத்தினால் இறங்கி, எப்போதும் ஒரே அளவாகப் பெண்டுலத்தைத் தள்ளுகின்றன. வெளியே புயல் அடித்தாலும் உள்ளே அதே மெல்லிய தட்டுத்தான். கடிகாரம் 1859-இல் ஓடத் தொடங்கிற்று. அதன் பெண்டுலம் 4 மீட்டருக்கு மேல் நீளம். 300 கிலோவுக்கு மேல் கனம். அத்தனை கனத்தின்மேல் பழைய ஆங்கிலப் பென்னிக் காசு ஒன்றை வைத்தால், நாளைக்கு 0.4 விநாடி வேகமாக ஓடும். ஒரு சல்லிக்காசுக்கும் கணக்குச் சொல்கிறது அந்த ராட்சதன்!

காவலின் உச்சத்தை 1921-இல் பார்க்கிறோம். அந்த ஆண்டு வில்லியம் ஷார்ட் என்ற ரயில்வே எஞ்சினீயர் அமைத்த கடிகாரம் ஒன்றை எடின்பரோ வானாராய்ச்சி நிலையத்தில் நிறுவினார்கள். காற்றுக்கூட உராயக் கூடாதென்று, பெண்டுலத்தைச் செம்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருந்த காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றினார்கள். முள்ளைத் தள்ளுவது, விநாடி எண்ணுவது போன்ற உழைப்பையெல்லாம் வேறொரு கடிகாரம் ஏற்றுக்கொண்டது. அரை நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு மிக லேசான தட்டு. மற்ற நேரமெல்லாம் பெண்டுலம் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு விநாடிதான் பிழை. பெண்டுலம் எட்டிய சிகரம் அது. சில ஆண்டுகளில் குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் வந்து, வானாராய்ச்சி நிலையங்களில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் வீடுகளில் பழைய பெண்டுலங்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. வாசகர்களில் யார் வீட்டிலாவது ஒன்று இருந்தால், பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆடாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். இடமிருந்து போகும் 'டிக்'குக்கும் வலமிருந்து வரும் 'டக்'குக்கும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று காதால் கேளுங்கள். நொண்டினால் பெட்டியைச் சிறிது சாய்த்துச் சரி செய்யுங்கள். தூசி புகாமல் கதவைச் சாத்தி வையுங்கள். சமையல் எண்ணெயை உள்ளே விடாதீர்கள். அது பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணி அடிக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பாதீர்கள். இடம் மாற்ற வேண்டுமானால், முதலில் கையால் நிறுத்துங்கள். பெண்டுலத்தை மெல்ல உயர்த்திக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே எடுத்துச் செல்லுங்கள். உள்ளே இருக்கும் கவட்டைக் கம்பி ஆடாமலிருக்கக் காகிதத்தை மடித்து அணை கொடுங்கள்.

பாய் அன்று தகட்டை மாற்றி, வளைந்த கொக்கியை நிமிர்த்திக் கொடுத்தார். கடிகாரம் ஓடிற்று. ஆனால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்க அப்பா முக்காலியில் ஏறவில்லை. "நீ கொடு" என்று என்னிடம் சாவியை நீட்டினார்.

பல வருஷங்களுக்குப் பிறகு நான் என் குடும்பத்தோடு வீடு மாறினேன். கடிகாரத்தின் கதவைத் திறந்து பெண்டுலத்தை ஒரு விரலால் நிறுத்தியபோது வீட்டில் திடீரென்று ஒரு நிசப்தம் சூழ்ந்தது. அதைக் கேட்டு அடுப்பங்கரையிலிருந்து என் மனைவிகூட எட்டிப் பார்த்தாள். எனக்கும் மனம் திக்கென்றது. தாத்தா, அப்பா இருவருடைய முகமும் நினைவுக்கு வந்தன. அன்றிரவு புதிய வீட்டில் பெட்டியை மாட்டி, பெண்டுலத்தைக் கோத்து, ஒரு பக்கம் இழுத்து விட்டேன். சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

டிக்... டக்... டிக்... டக்.

நொண்டவில்லை.